குழந்தைகள் இல்லம் தந்த மாண்டிசோரி அம்மையார்

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ல் இத்தாலி நாட்டில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர். ரோம் நகரத்தில் ஒரு ஏழைக் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைங்க கேட்பாரில்லாமல் திரிஞ்சாங்க. அவங்களுக்காக 1907-ல் அங்கேயே குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பணம் வாங்கவில்லை. ஆனா விதி உண்டு. பிள்ளையைச் சுத்தமா அனுப்பணும். தாய் வாரம் ஒரு தடவையாவது வந்து டீச்சரிடம் பேசணும். மேசை, நாற்காலி எல்லாம் பிள்ளைங்க உயரத்துக்கே செய்ய வைத்தார்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். 1952-ல் காலமானார்.

சகோதரிகளே, பிள்ளையை அங்கன்வாடி வாசலில் விட்டுட்டு வேலைக்கு ஓடுறோம். குடிக்கிற தண்ணி, கழிவறை, சாப்பாடு எப்படியிருக்குன்னு வாரம் ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்க்கிறோமா? கடன் கணக்கோடு இதையும் குழுக் கூட்டத்தில் பேசுவோம்.