மண்ணின் மறைபொருள் கண்ட வினோகிராட்ஸ்கி

நஞ்சுண்ட பெருமான் பள்ளி கொண்டிருக்கும் கோலத்தைக் காணச் சுருட்டப்பள்ளிக்குச் செல்லாதவர் நம் பக்கத்தில் குறைவு. ஆலகாலத்தை விழுங்கிய இறைவனே களைத்து அம்மையின் மடியில் தலை சாய்த்தார் என்றால், நஞ்சையே நாள்தோறும் உணவாகக் கொண்டு ஓர் எளிய உயிர் வாழக்கூடும் என்று எவர் நம்புவார்? அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு மனிதனைக் கொல்ல வல்ல வாயு. அவ்வாயுவைக் கொண்டே உயிர் வாழும் பாக்டீரியா உண்டென்று 1887-ஆம் ஆண்டிலேயே காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. நுண்ணுயிரியல் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர்தான் அது. ஆயினும் அப்பெயருக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையை அறிந்தவர் நம்முள் சிலரே. அதனை நம் மாணவத் தோழர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அவர் 1856-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கீவ் நகரில் செல்வம் மிக்க குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும் சட்டம் பயிலச் சேர்ந்தார், அது பிடிக்கவில்லை. இயற்கை விஞ்ஞானத்துக்கு மாறினார். அங்கு நடந்த பாடங்களும் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. கல்லூரியையே துறந்து, 1875-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று இசைப்பள்ளியில் பியானோ பயின்றார். இசையும் அவரை முழுமையாக ஆட்கொள்ளவில்லை. 1877-இல் மீண்டும் விஞ்ஞானத்தின் வாயிலைத் தட்டினார். இம்முறை ஃபாமின்ட்சின் என்னும் தாவர இயல் பேராசிரியர் அவருக்கு வாய்த்தார். அலைந்து கொண்டிருந்த படகுக்குத் துறை கிடைத்தது. நம்முள் பலர் இருபது வயதில் எடுத்த பாடம் சரியா, தவறா என்று இரவெல்லாம் கலங்குகிறோம். இருபத்தொரு வயதில் மூன்று துறைகளைக் கைவிட்டு நின்ற இவ்விளைஞரை அன்று கண்டவர்கள் என்ன எண்ணியிருப்பார்கள் என்பதை நீங்களே கருதிப் பாருங்கள்!

1885-இல் அவர் ஸ்டிராஸ்பர்க் சென்று, புகழ் பெற்ற டி பாரி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்தது பெக்கியாட்டோவா என்னும் பாக்டீரியா. கந்தக ஊற்றுகளில் வெண்ணிற நூல் போல் படர்வது அது. அதன் உடலுக்குள் கந்தகத் துகள்கள் மின்னும். அந்த நாற்ற வாயுவைப் பெக்கியாட்டோவாவே உண்டாக்குகிறது என்று அறிஞர் பலர் அந்நாளில் கருதினர். வாயு இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கிறது. ஆகவே அதுவே காரணம் என்றனர். திருட்டு நடந்த வீட்டில் நின்றவனையே திருடன் என்று பிடிப்பது போன்றது இது.

வினோகிராட்ஸ்கி செய்த சோதனை மிக எளியது. கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு துளி நீரில் சில இழைகளை வைத்தார். கந்தக ஊற்று நீரை அவ்வப்போது மாற்றி ஊற்றி, அதே இழைகளை நாள் கணக்கில் நுண்பெருக்கியில் நோக்கினார். வாயு கலந்த நீர் கிடைத்தபோது இழைகளில் கந்தகத் துகள்கள் நிறைந்தன. வாயு இல்லாத நீரை ஊற்றியபோது துகள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு இழைகள் பட்டினியால் மாண்டன. துகளாயிருந்த கந்தகம் சல்பேட்டாக வெளியேறியது. ஆகவே அது வாயுவை உண்டாக்கவில்லை. வாயுவைப் பிராணவாயுவுடன் கூட்டி எரித்து, அதிலிருந்து சக்தி பெறுகிறது. நாம் மாவையும் சர்க்கரையையும் எரிப்பது போல் அது கந்தகத்தை எரிக்கிறது. உலையில் இருப்பது சோறு, அடுப்பில் இருப்பது விறகு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். பெக்கியாட்டோவா விறகையே உண்ணும் உயிர்!

1888-இல் டி பாரி மறைந்தார். வினோகிராட்ஸ்கி ஜூரிச் நகருக்குப் பெயர்ந்தார். அங்கே அவர் கண்டது இன்னும் பெரியது. நிலத்தில் இடும் எருவிலுள்ள அமோனியா நைட்ரேட்டாக மாறுவதால்தான் பயிர் செழிக்கிறது. அம்மாற்றத்தைச் செய்வது உயிர்ப்பொருளே என்று ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் 1877-இல் காட்டியிருந்தனர். ஆனால் அந்த உயிரைத் தனியே பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை. எல்லாரும் ஜெலட்டின் முதலிய சத்துணவை இட்டு அதை வளர்க்க முயன்றனர். விருந்து வைத்தால் அழையாதவர்கள் வந்து தின்றார்கள், அழைத்தவர் வரவில்லை. வினோகிராட்ஸ்கியோ கரிமப் பொருள் ஒன்றும் கலவாமல், அமோனிய உப்பும் கார்பனேட்டும் பிற தாது உப்புகளும் மட்டுமே இட்ட நீரில் அதை வளர்த்தார்; பின்னர்ச் சிலிக்காக் கூழையும் பயன்படுத்தினார். உணவே இல்லாத இடத்தில் அவர் தேடிய உயிர் தழைத்தது. அது கரியமில வாயுவிலிருந்தே தன் உடலைக் கட்டுகிறது என்பதை அளந்து காட்டினார். சுமார் 35 பங்கு நைட்ரஜனை ஆக்ஸிகரணம் செய்தால் 1 பங்கு கரியை அது உடலில் சேர்க்கிறது. கூலி குறைவு, உழைப்பு மிகுதி. ஆயினும் உலகின் வயல்களெல்லாம் அவ்வுழைப்பைச் சார்ந்தே நிற்கின்றன. அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓர் இனம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறோர் இனம் என்பதையும் அவரே கண்டார்.

பச்சை இலையும் பகலவன் ஒளியும் இன்றிக் கரியமில வாயு உடலாக முடியாது என்பது அதுவரை இருந்த கொள்கை. அதை அவர் மேடையேறி மறுக்கவில்லை. ஒரு குடுவையைக் கொண்டு மறுத்தார். இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வுயிர்கள் பயன்படுத்தும் பிராணவாயுவைப் பசுந்தாவரங்களும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களுமே உலகுக்கு அளித்தன. ஆகவே இவை கதிரவனுக்குக் கடன்படவே இல்லை என்று கூறிவிடலாகாது.

பாஸ்டர் நிலையத்தின் அழைப்பு வந்தும் 1891-இல் அவர் தாய்நாடு திரும்பி, பீட்டர்ஸ்பர்க்கில் நிறுவப்பட்ட சோதனை மருத்துவ நிலையத்தில் பணியேற்றார். காற்றின் நைட்ரஜனைத் தனித்து நின்றே கவரும் கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியாவை அங்கே கண்டு, அதற்குப் பாஸ்டரின் பெயரை இட்டார். 1905-இல் ஓய்வு பெற்று உக்ரேனிலிருந்த தம் பண்ணைக்குச் சென்றார். விஞ்ஞான உலகம் அவரை ஏறக்குறைய மறந்தது. பிறகு புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தன. நிலமும் வீடும் போயின. முதுமையில் அகதியாகக் கடல் கடந்து, பெல்கிரேடில் சிறிது காலம் ஒதுங்கினார். 1922-இல் பாஸ்டர் நிலையத்தின் தலைவர் ரூ மீண்டும் அழைத்தார். பாரிஸுக்கு அருகில் பிரி-காம்ட்-ராபர்ட் என்னும் சிற்றூரில், அறுபத்தைந்து வயதைக் கடந்த அம்முதியவர் மீண்டும் மண்ணைக் கையில் எடுத்தார். குடுவையில் கொழுக்க வைத்த உயிரை அன்று, மண்ணில் உள்ளவாறே உழைக்கும் உயிரை ஆராய வேண்டும் என்பதே அவரது பிற்காலக் கொள்கை. மகள் எலேன் அவருடன் பணி செய்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின், 1949-இல், மண் நுண்ணுயிரியல் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். 1953-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பெயரால் வழங்கும் சோதனை ஒன்றை எவரும் செய்யலாம். என் பெற்றோர் குடியேறிய நாராயணவனத்தில், ஏரிக்கரைச் சேற்றைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, கிழித்த காகிதமும் சிறிது ஜிப்சமும் முட்டை ஓட்டுத் தூளும் கலந்து, நீர் ஊற்றி மூடிச் சன்னலோரம் வைத்தேன். சில வாரங்களில் அடியில் கருமை படர்ந்தது. அதன்மேல் பச்சையும் செந்நீலமும் அடுக்கடுக்காய்த் தோன்றின. கீழே இருப்பவை நாற்ற வாயுவை உண்டாக்குகின்றன. மேலே இருப்பவை அதைப் பயன்படுத்துகின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் முதல். என் தாயார் முதலில் முகம் சுளித்தார். பிறகு நிறம் மாறிவிட்டதா என்று நாள்தோறும் கேட்கத் தொடங்கினார்.

வினோகிராட்ஸ்கி திறந்த வழி எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது? இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே சோல்ஃபட்டாரா என்னும் எரிமலை வாய் உள்ளது. அங்கு மண்ணைத் துளைத்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் வெளிப்படுகின்றன. அம்மண் கொதிக்கிறது, எலுமிச்சைச் சாற்றினும் புளிக்கிறது. அத்தகைய மண்ணில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியா வாழ்வதை 2007-இல் கண்டனர். நியூஸிலாந்திலும் கம்சட்காவிலும் அதே காலத்தில் அதன் உறவினங்கள் கிடைத்தன. மெத்திலாசிடிஃபைலம் என்று அதற்குப் பெயரிட்டனர். சுமார் 55 முதல் 60 பாகை வெப்பத்தில் அது செழிக்கிறது. அமில எண் 1 அளவுக்குத் தாழ்ந்தாலும் வளர்கிறது. மீத்தேனோடு ஹைட்ரஜனையும், ஹைட்ரஜன் சல்பைடையும் அது எரிக்க வல்லது என்று பின்னர் அறிந்தனர். கரியமில வாயுவிலிருந்தே உடலையும் கட்டிக்கொள்கிறது.

இதில் வியப்பு ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் எரிமலைச் சேற்று நீரைச் சேர்த்தாலன்றி அது நன்கு வளரவில்லை. காரணம் 2014-இல் விளங்கிற்று. லாந்தனம், சீரியம் முதலிய அருமண் உலோகங்கள் அதன் நொதி ஒன்றுக்கு இன்றியமையாதவை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் இருக்கும் அதே உலோகங்கள் இவை! உயிருக்குப் பயனற்றவை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டவை அவை.

நம் நாட்டில் அந்தமானை அடுத்த பாரன் தீவு, நெடுங்காலம் உறங்கி 1991-இல் மீண்டும் கனன்ற எரிமலை. இமயச் சாரலில் வெந்நீர் ஊற்றுகள் பல உள்ளன. அங்கெல்லாம் தேட வேண்டியவை ஏராளம். அதற்கு முதலில் வேண்டுவது விலை மிக்க கருவியன்று. இந்த உயிர் எதை உண்டு வாழ்கிறது என்ற ஒரு கேள்வியும், அதற்கு விடை கிடைக்கும்வரை ஒரே துளி நீரை நாள் கணக்கில் நோக்கும் பொறுமையுமே வேண்டும். அவை இரண்டும் நம் கையில் உள்ளவை, தோழர்களே.