பார்வை இழந்தும் பாதை கண்ட மேதை

கணிப்பொறி அறிவியல் பயிலும் நம்மில் யாவரும் ‘கிராஃப்’ என்னும் பாடத்தைத் தொட்ட அன்றே ஒரு பெயரைக் கேட்டிருப்போம். அதுவே லியோனார்டு ஆய்லர் என்னும் பெயர். கணிப்பொறி என்ற கருவியே தோன்றாத 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த ஒருவர் நம் பாடநூலுக்குள் எவ்வாறு நுழைந்தார் என்று அறியும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம். தேர்வுக்கு ஒரு தேற்றமாகப் படித்துவிட்டு மறந்துவிடத்தக்க மனிதர் அல்லர் அவர்.

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தை பால் ஆய்லர் ஒரு கிறித்துவப் போதகர். மகனும் தம்மைப் போலவே போதகராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆயினும் அவரே இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணித அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டவர். ஆதலால் மகனுக்கு முதற்கணக்கைக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. ஆய்லர் படித்த பள்ளியிலோ கணிதம் என்ற பாடமே கிடையாது.

1720ஆம் ஆண்டில், 13 வயதில், பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே யாக்கோபுவின் தம்பியும் அந்நாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித வல்லுநர்களுள் ஒருவருமான ஜொஹான் பெர்னூலி பேராசிரியராக இருந்தார். தனிப்பாடம் சொல்லித்தர வேண்டும் என்று ஆய்லர் கேட்டபோது, தமக்கு நேரமில்லை என்று பேராசிரியர் மறுத்துவிட்டார். எனினும் ஒரு வழி சொன்னார். கடினமான நூல்களைத் தானே படித்து வர வேண்டும். விளங்காத இடங்களைக் குறித்துக் கொண்டு சனிக்கிழமை பிற்பகலில் தம் வீட்டிற்கு வந்து கேட்கலாம். ஆய்லர் அவ்வாறே செய்தார். ஆசிரியரை அதிகம் தொல்லைப்படுத்தக் கூடாதென்று, சனிக்கிழமைக்கு முன்பே ஐயங்களைத் தாமே தீர்த்துக் கொள்ளப் பெரிதும் முயன்றாராம். இறுதியில் தந்தையிடம் பேசி, மகனைக் கணிதத்தின் பக்கம் விடும்படி இசையச் செய்தவரும் இந்த ஜொஹான் பெர்னூலிதான்.

இன்று கைப்பேசியில் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. இரவு பன்னிரண்டு மணிக்கும் ஒரு பேராசிரியர் நமக்காகத் திரையில் தோன்றுகிறார். கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் என் போன்றோருக்கு அது பெரும் துணை என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல் அதில் எங்கே இருக்கிறது என்று நான் தேடுவதுண்டு.

பாசெல் நகரில் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த 19 வயது ஆய்லருக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே 1727ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்திற்குச் சென்றார். 1733இல் அங்கேயே கணிதப் பேராசிரியரானார். மறு ஆண்டில் ஓவியர் ஒருவரின் மகளான கதரினா கெசல் அம்மையாரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளில் 5 பேரே வளர்ந்து ஆளானார்கள். 1735இல் ஆய்லருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. 1738இல் வலக்கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. ரஷ்ய நாட்டுப்படம் வரையும் பணியில் கண்ணை வருத்தியதே காரணம் என்று அவர் கருதினார்.

இந்தக் காலத்தில்தான் நம் பாடநூல் பேசும் அந்தப் புகழ்பெற்ற கணக்கு அவர் கைக்கு வந்தது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரை ஊடறுத்துப் பிரெகல் ஆறு ஓடுகிறது. நடுவே ஒரு தீவு. அதற்குக் கிழக்கே ஆற்றின் இரு கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம். பிறகு இரு கரைகள். ஆக நான்கு நிலப்பகுதிகள். அவற்றை இணைக்க ஏழு பாலங்கள். எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர இயலுமா? நகர மக்கள் பேசி வந்த இக்கேள்விக்கு விடை சொல்வாரில்லை. ஆய்லரேகூட, இதற்கும் கணிதத்திற்கும் பெரிய தொடர்பில்லை என்றே ஒரு கடிதத்தில் எழுதினார். 1735ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கழகத்தின் முன் தம் விடையை வைத்தார். அது 1741இல் அச்சேறியது.

அவர் செய்தது என்ன? பாலத்தின் நீளத்தை விட்டார். தீவின் பரப்பை விட்டார். ஆறு எப்பக்கம் வளைகிறது என்பதையும் விட்டார். நான்கு நிலங்களுக்கும் நான்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். ஒரு நிலத்திலிருந்து பாலம் வழியே இன்னொரு நிலத்திற்குப் போனால், இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து எழுத வேண்டும். அப்படியானால் ஏழு பாலங்களையும் கடந்த பயணம் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லாக அமையும். இனி, மூன்று பாலங்கள் சேரும் நிலத்தின் எழுத்து, பயணம் எங்கே தொடங்கினாலும் அச்சொல்லில் சரியாக இரண்டு முறை வர வேண்டும். ஐந்து பாலங்கள் சேரும் நிலத்தின் எழுத்து மூன்று முறை வர வேண்டும். தீவில் ஐந்து பாலங்கள், மற்ற மூன்று நிலங்களிலும் மும்மூன்று பாலங்கள். கூட்டிப் பார்த்தால் 3, 2, 2, 2 என ஒன்பது எழுத்துகள் தேவைப்படுகின்றன. இடமோ எட்டுக்குத்தான் இருக்கிறது! ஆகவே அத்தகைய பயணம் இயலாது.

நம் வகுப்பில் கரும்பலகையில் வரையும் புள்ளியும் கோடும் கொண்ட படம் ஆய்லரின் கட்டுரையில் இல்லை. ஆற்றின் படம் உண்டு. மற்றதெல்லாம் எழுத்தும் எண்ணிக்கையும்தான். ‘கிராஃப்’ என்ற பெயரையே 1878இல்தான் சில்வெஸ்டர் என்னும் அறிஞர் இட்டார். ஒற்றைப்படைப் பாலங்கள் கொண்ட நிலம் ஒன்றுமில்லாமலோ இரண்டே இரண்டாகவோ இருந்தால் பாதை உண்டு என்றும் ஆய்லர் கூறினார். ஆனால் அதற்கு முழு நிறுவல் தரவில்லை. அதைத் தந்தவர் ஹியர்ஹோல்சர் என்னும் ஜெர்மானியர். தம் நிறுவலை நண்பர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு 1871இல் இளமையிலேயே அவர் மறைந்தார். நண்பர்கள் அதை நினைவிலிருந்து எழுதி 1873இல் வெளியிட்டனர். வழி அடைபடும் வரை நடந்து ஒரு சுற்றை முடி; கடக்காத கோடு எஞ்சியுள்ள புள்ளியிலிருந்து இன்னொரு சுற்றுப் போ; அதை முதற்சுற்றோடு கோத்துவிடு. இன்று நாம் ஆய்வகத்தில் எழுதும் நிரல் இதுவே.

இதன் பயனைக் கேட்போரும் உண்டு. அஞ்சல்காரர் ஒவ்வொரு தெருவிலும் ஒரு முறையேனும் நடந்து, மிகக் குறைந்த தொலைவில் நிலையத்திற்குத் திரும்புவது எப்படி என்ற கேள்வியைச் சீன நாட்டுக் கணித அறிஞர் குவான் மெய்கு 1960இல் எழுப்பினார். அதன் விடை ஆய்லரின் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணிக்கையிலேயே தொடங்குகிறது. துண்டு துண்டாகப் படிக்கப்பட்ட மரபணுச் செய்தியைக் கோத்து முழுமையாக்கவும் அதே பாதையைத் தேடும் முறை 2001இல் அறிவிக்கப்பட்டது. எழுத்து வரிசையில் தொடங்கிய கணக்கு மீண்டும் எழுத்து வரிசைக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

1741இல் ஆய்லர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அழைப்பை ஏற்றுப் பெர்லினுக்குக் குடியேறி, 25 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். மன்னருக்கு மினுக்கான பேச்சும் கவிதையும் பிடிக்கும். ஆய்லரோ எளிய பழக்கமுடைய பக்திமான். ஒற்றைக் கண்ணர் என்று அவரைக் கேலி செய்த மன்னரின் பெருமையை நாம் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெர்லினில் 1750ஆம் ஆண்டு நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், தட்டையான முகங்களால் ஆன திண்மங்களைப் பற்றி ஓர் உண்மையை ஆய்லர் தெரிவித்தார். முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும். கனசதுரத்திற்கு 8, 12, 6 என்று போட்டுப் பார்க்கலாம். இதன் வழித்தோன்றலே, கணிப்பொறி வாயிலாகப் படங்களை அளப்போர் பயன்படுத்தும் ‘ஆய்லர் எண்’. கருப்புக் கட்டங்களால் ஆன ஒரு படத்தில் மூலைகளை எண்ணிப் பக்கங்களைக் கழித்துக் கட்டங்களைக் கூட்டினால், படத்தில் உள்ள தனித்தனிப் பொருள்களின் எண்ணிக்கையிலிருந்து அவற்றிலுள்ள துளைகளைக் கழித்த விடை கிடைக்கும். ஒன்பது கட்டங்கள் கொண்ட சதுரத்தில் நடுக்கட்டத்தை மட்டும் நீக்குங்கள். மூலைகள் 16, பக்கங்கள் 24, கட்டங்கள் 8, விடை 0. ஒரு பொருள், ஒரு துளை என்பது அதன் பொருள். 8 என்ற இலக்கத்திற்கு ஆய்லர் எண் கழித்தல் 1; ஆய்த எழுத்தை மூன்று கரும்புள்ளிகளாக அச்சிட்டால் 3. பொருளின் எல்லையைத் தொடர்ந்து போகாமல், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்த்தே இதைக் கணக்கிடலாம் என்று கிரே என்பவர் 1971இல் எடுத்துக் காட்டினார். படத்தை இழுத்தாலும் சுருக்கினாலும் திருப்பினாலும் இவ்வெண் மாறாது. இங்கேயும் நீளத்தை விட்டுவிட்டார் ஆய்லர்!

1760ஆம் ஆண்டு முதல் 1762 வரை, அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளவரசிக்கு ஆய்லர் 234 கடிதங்கள் எழுதினார். முதற்கடிதம் சென்றபோது அப்பெண்ணுக்கு 15 வயது நிரம்பவில்லை. ஏழாண்டுப் போர் நடந்த காலம். அரசவையினர் பெர்லினை விட்டு மாக்டிபர்க் நகருக்குச் சென்றிருந்தனர். நேரில் நடத்த வேண்டிய பாடம் அஞ்சலில் போயிற்று. ஒலி என்பது என்ன, வானம் ஏன் நீலமாக இருக்கிறது, உயர்ந்த மலைமேல் ஏன் குளிர்கிறது என்று ஒவ்வொரு கடிதமும் ஒரு சிறு பொருளை எடுத்துக் கொண்டு, அதை முடித்துவிட்டே நிற்கும். தருக்கத்தை விளக்க வட்டங்களை வரைந்தார். கணங்கள் பாடத்தில் நாம் போடும் வட்டங்களுக்கு அவை முன்னோடி. 1768 முதல் 1772 வரை மூன்று தொகுதிகளாக அச்சாகிப் பல மொழிகளில் வெளிவந்தது இந்நூல். தொலைவிலிருந்து கற்பிக்க முனைவோர், திரையில் எத்தனை வண்ணம் சேர்க்கலாம் என்று ஆராயுமுன் இக்கடிதங்களைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

1766இல் ஆய்லர் மீண்டும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். அப்போது 59 வயது. இடக்கண்ணிலும் புரை படர்ந்தது. 1771இல் செய்த அறுவைச் சிகிச்சையால் சில நாள் பார்வை வந்து, பிறகு அடியோடு போய்விட்டது. அதே ஆண்டில் அவர் வீடு தீக்கிரையாயிற்று. பாசெல் நகரத்துக் கைவினைஞர் ஒருவர் உள்ளே புகுந்து அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். 1773இல் மனைவியும் காலமானார்.

இத்துணை இடருக்கு நடுவிலும் அவர் பணி குறையவில்லை. பெருகியது என்பதே வியப்பு. அவருடைய படைப்புகளில் ஏறத்தாழ பாதி இந்த இறுதிக் காலத்தில் உருவானவை. மூத்த மகனும் லெக்செல், ஃபுஸ் முதலிய மாணவர்களும் அவர் சொல்லச் சொல்ல எழுதினர். 1775ஆம் ஆண்டில் சராசரியாக வாரம் ஒரு கட்டுரை முடிந்தது.

ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்பே இன்னொருவர் எழுதினார். பெர்லினிலிருந்து ஆய்லர் பணியாளாக அழைத்து வந்த இளைஞர் அவர், தையற்தொழில் பழகியவர். சாதாரணக் கூட்டல் கழித்தல் தவிர வேறு கணிதம் அறியாதவர். அவருக்குச் சொல்லி எழுத வைத்தே ‘இயற்கணிதம்’ என்ற முழு நூலையும் ஆய்லர் முடித்தார். எழுதுபவருக்கு விளங்கினால் படிப்பவருக்கும் விளங்கும் என்பது ஏற்பாடு. நூல் முடிந்தபோது அந்தத் தையற்கார இளைஞர் கடினமான கணக்குகளைத் தாமே போடக் கற்றிருந்தார் என்று நூலின் முன்னுரை தெரிவிக்கிறது. அவர் பெயரை மட்டும் தெரிவிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் காலடி வைத்தவன் நான்; ஆதலால் ஆய்லரின் வரலாற்றில் அரசர்களைவிட இந்த இளைஞரைப் பற்றியே எனக்கு மேலும் அறியத் தோன்றுகிறது. 1768இல் ரஷ்ய மொழியிலும் 1770இல் ஜெர்மன் மொழியிலும் வெளிவரத் தொடங்கிய அந்நூல், தொடக்கநிலை மாணவனைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் நூல் என்று பெயர் பெற்றது. கண்ணிழந்தவர் வாயால் சொல்ல, கணிதம் அறியாதவர் கையால் எழுத, அதனால் விளைந்த தெளிவு அது.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள். காலையில் பேரக்குழந்தை ஒன்றுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். அவ்வாண்டு கோடையில் பிரான்சு நாட்டில் மோன்கோல்ஃபியர் சகோதரர்களின் வெப்பக் காற்றுக் கூண்டு வானில் ஏறிய செய்தி பரவியிருந்தது. அது எவ்வாறு ஏறும் என்று கற்பலகையில் கணக்கிட்டார். பகலுணவின்போது, இரண்டாண்டுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி லெக்செலோடு உரையாடினார். மாலையில் மூளையில் குருதி கசிந்து நினைவிழந்தார். அன்றிரவே உயிர் நீங்கியது. வயது 76. அவர் விட்டுச் சென்ற கட்டுரைகளைச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் கழகம் ஏறத்தாழ 50 ஆண்டுகள் தொடர்ந்து அச்சிட்டு வந்தது. சுவிட்சர்லாந்தில் 1911இல் வெளிவரத் தொடங்கிய அவரது முழுத் தொகுப்பு 80 தொகுதிகளைத் தாண்டியது. கற்பலகையில் பாதியில் நின்ற அந்த வான்கூண்டுக் கணக்கையும் விட்டுவிடாமல் எடுத்து அச்சிட்டார்கள்.