தளை அறுத்த தலைவர் தூசான் லூவர்த்தூர்

கரிபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலாத் தீவின் மேற்குப் பகுதி 1697ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரெஞ்சு முடியாட்சியின் உடைமையாயிற்று. சான் தொமாங் என்னும் பெயரில் அவர்கள் ஆண்ட அந்நிலமே இன்றைய ஹைட்டி நாடாகும். நூறாண்டு நிறைவதற்குள் அது பிரெஞ்சுப் பேரரசின் செல்வக் களஞ்சியமாக விளங்கியது. ஐரோப்பியர் உண்ட சர்க்கரையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு அச்சிறு நிலத்தில் விளைந்தது. நாந்த், போர்தோ ஆகிய துறைமுகப் பட்டினங்களின் மாளிகைகள் பல இவ்வாணிகத்தால் எழுந்தவையே.

அச்செல்வத்தை விளைவித்தோர் யாவர்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட கருப்பின மக்களேயாவர். 1789இல் அங்கிருந்த வெள்ளையர் ஏறத்தாழ 30,000 பேர். அடிமைகளோ ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1685இல் பிரெஞ்சு அரசன் இயற்றிய சட்டம் அடிமையை அசையும் சொத்து என்றே வகுத்திருந்தது. கரும்புத் தோட்டங்களில் பிறந்தோரைவிட இறந்தோரே மிகுதி. இறந்தவர் இடத்தை நிரப்பப் புதிய கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன.

இத்தகைய தோட்டங்களுள் ஒன்றான பிரெதாவில், 1743ஆம் ஆண்டை ஒட்டி, அடிமைப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தவரே தூசான். கால்நடைகளைப் பேணியும் வண்டி ஓட்டியும் பணிபுரிந்த அவர் மூலிகை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார்; எழுத்தையும் கற்றார். ஏறத்தாழ 33ஆம் அகவையில் அடிமை நிலையினின்று விடுபட்டார். அதன்பின் சிறிது காலம் தாமே அடிமையை உடையவராகவும் இருந்தார் என்று ஆவணங்கள் காட்டுகின்றன. தலைவர்களின் குறைகளையும் அறிந்தே அவர்களை மதிக்க வேண்டும் என்பதால் இதனையும் ஈண்டுக் குறித்தோம்.

1791ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வடபகுதி அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். தூசான் முதலில் மருத்துவராகவும், பின்னர்ப் படைத்தலைவராகவும் அவர்களோடு இணைந்தார். 1793இல் லூவர்த்தூர் என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். வழியைத் திறத்தல் என்னும் பொருளை உணர்த்தும் பெயர் அது. தொடக்கத்தில் பிரான்சின் பகையான ஸ்பெயின் பக்கம் நின்று போரிட்டார். 1793இல் தீவிலிருந்த பிரெஞ்சு ஆணையரும், 1794 பிப்ரவரி 4ஆம் நாள் பாரிசுப் பேரவையும் அடிமை முறையை ஒழித்தன. அவ்வாண்டே அவர் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் சேர்ந்தார். மனிதர் யாவரும் சமம் என்று அறிவித்த புரட்சி ஐந்தாண்டுகள் கழித்தே அடிமைகளை நினைத்தது என்பதையும், அவர்கள் ஆயுதம் ஏந்திய பின்னரே நினைத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

தீவைக் கைப்பற்ற வந்த ஆங்கிலப் படையும் 1798இல் வெளியேறியது. 1801இல் தீவு முழுவதும் தூசானின் ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வாண்டு அவர் வகுத்த அரசியலமைப்பு அடிமை முறையை என்றென்றைக்கும் நீக்கியது. அதே சட்டம் அவரை வாழ்நாள் ஆளுநராகவும் ஆக்கியது. ஏற்றுமதி குன்றாதிருக்க, விடுதலை பெற்ற மக்களைப் பழைய தோட்டங்களிலேயே பிணித்து உழைக்கச் செய்தார். மக்கள் வேண்டியதோ தமக்கெனச் சிறிதளவு நிலம். அந்த வேட்கையை அவர் நிறைவேற்றாமையே அவர்தம் ஆட்சியின் பெருங்குறை எனக் கருதுகிறோம்.

இந்நிலையில் நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படையை ஏவினான். 1802 மே 20ஆம் நாள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை நிலைநிறுத்தும் சட்டத்தையும் பிறப்பித்தான். சூன் 7ஆம் நாள், பேச்சுக்கென அழைக்கப்பட்ட தூசான் வஞ்சகமாகச் சிறைபிடிக்கப்பட்டார். பிரான்சின் சூரா மலையிலுள்ள சூ கோட்டையில் அடைக்கப்பட்டார். குளிரும் நோயும் வாட்டிய அச்சிறையில் தமக்கு நேர்ந்த அநீதியை விளக்கி முறையீடு எழுதினார். அவர் கைப்பட எழுதிய படி இன்றும் உள்ளது. ஓசையைக் கேட்டவாறே எழுதிய, இலக்கணப் பிழை மலிந்த எழுத்து அது. ஆயினும் பேரரசை ஆண்டவன் முன் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க அவருக்கு அவ்வெழுத்தே துணையாயிற்று. 1803 ஏப்ரல் 7ஆம் நாள் அவர் அங்கேயே உயிர் துறந்தார்.

தலைவரை அகற்றினால் மக்கள் அடங்குவர் என்று பேரரசு எண்ணியது. குவாதலூப் தீவில் எதிர்த்து நின்றோர் மடிந்தனர். அங்கு அடிமை முறை மீண்டது. 1848 வரை நீடித்தது. சான் தொமாங் மக்களோ தெசலீன் தலைமையில் போரைத் தொடர்ந்து, 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேரில் வென்றனர். 1804 சனவரி முதல் நாள் ஹைட்டி விடுதலை நாடாயிற்று.

ஆயினும் ஆண்டவர் தம் கணக்கை மூடவில்லை. 1825இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லசு போர்க்கப்பல்களை அனுப்பினான். விடுதலையை ஏற்க வேண்டுமாயின் தோட்ட முதலாளிகளின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்கு தருக என ஆணையிட்டான். அவ்விழப்பில் மனிதரின் விலையும் அடங்கும். அடிமையாய் உழைத்தவரும் அவர்தம் மக்களும் தம் உடலுக்கே விலை கொடுக்க நேர்ந்தது. முதல் தவணையைச் செலுத்தவும் பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்கினர். 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. எனினும் அதன் வழிவந்த கடன்கள் தீர்ந்தது, நம் நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேதான். பள்ளிக்கும் சாலைக்கும் பயன்பட வேண்டிய காப்பி வருவாய் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தது. ஹைட்டியின் வறுமையைப் பேசுவோர் இக்கணக்கையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

பிரான்சு தன் பெருமக்களைப் போற்றும் பாந்தியோனில் 1998இல் தூசானின் பெயரைப் பொறித்தது. 2001இல் அடிமை முறையை மானுடத்துக்கு எதிரான குற்றமென்று சட்டம் இயற்றியது. 2025இல், அந்த ஈட்டுத் தொகையின் விளைவை ஆராய இரு நாட்டு வரலாற்றறிஞர் குழுவை அமைப்பதாக அதன் குடியரசுத் தலைவர் அறிவித்தார். அதுவரை ஆண்டவர் நாட்டுப் பிள்ளைகள் தம் பட்டினங்களின் செல்வம் வந்த வழியை அறியாமலே பெரும்பாலும் வளர்ந்தனர். அறியாமை ஆண்டவருக்கும் பேரரசு விட்டுச்சென்ற ஓர் இழப்பே.

நம் இளைஞர்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துரைப்பதன் நோக்கம் ஒன்றே. 1794இல் ஏட்டில் எழுதிய உரிமையை 1802இல் அதே ஏட்டில் அடித்துவிட்டனர். அதைக் காத்தவர்கள் உரிமையின் சுவையறிந்து ஒன்றுபட்டு நின்ற மக்களே. சட்டம் தரும் உரிமையைப் போற்றுவோம், அதனைப் படித்தறிவோம், எவரேனும் அடித்தெழுத முற்பட்டால் அதனைக் கண்டுகொள்ளும் கண்ணையும் பெறுவோம். கல்வியால் நாம் பெறவேண்டிய முதற்பயன் அதுவேயாகும்.