'மீதி ஒன்று' மறக்காத பெட்டி

8-ஐயும் 7-ஐயும் கூட்டுங்கள். 15. ஐந்தை எழுதிவிட்டு என்ன சொல்வீர்கள்? மீதி ஒன்று! அந்த ஒன்றை அடுத்த வரிசையில் சேர்க்க மறந்தால் கணக்கு தப்பு. நான் ஆசிரியராக இருந்தபோது சிவப்பு மையால் சுழித்த தப்புகளில் பாதி இதுதான்.

இந்த 'மீதி ஒன்றை' ஒருபோதும் மறக்காத ஒரு பெட்டியை, ஏறக்குறைய 380 வருடங்களுக்கு முன்பே ஓர் இளைஞர் செய்துவிட்டார். அவர் பெயர் பிளேஸ் பாஸ்கல்.

பிரான்ஸ் நாட்டில் கிளெர்மான் என்ற ஊரில் 1623 ஜூன் 19 அன்று பிறந்தவர். மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அக்கா கில்பெர்த், தங்கை ஜாக்லின், நடுவில் பிளேஸ். 1631-ல் அப்பா எத்தியென் மூவரையும் பாரிஸுக்கு அழைத்துப் போனார். பிளேஸ் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாதான் ஆசிரியர்.

அப்பா கணிதத்தில் கெட்டிக்காரர். ஆனாலும் பையனுக்கு 15 வயது ஆகும்வரை கணக்கே கிடையாது என்று முடிவு செய்து, கணக்குப் புத்தகங்களை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டார்! கணக்கில் இறங்கினால் மொழிப் பாடங்களைக் கவனிக்க மாட்டான் என்ற பயம். இப்படி ஓர் அப்பா நமக்கு இல்லையே என்று உங்களில் சிலர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது!

மறைத்தால் ஆசை அதிகமாகும் அல்லவா? 12 வயதில் பிளேஸ் கரித்துண்டால் தரையில் உருவங்களை வரைந்து, தானாகவே வடிவியல் போட ஆரம்பித்தான். வட்டம், கோடு என்ற பெயர்கள்கூட அவனுக்குத் தெரியாது. உருண்டை, கம்பு என்று தானே பெயர் வைத்துக்கொண்டான். ஒருநாள் அப்பா வந்து பார்த்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்ற முடிவை நோக்கிப் பையன் போய்க்கொண்டிருந்தான்! அப்பாவின் கண்கள் கலங்கிவிட்டன. அன்று முதல் தடை நீங்கியது. தம்பியின் வரலாற்றைப் பின்னாளில் எழுதிய அக்கா சொல்லும் செய்தி இது.

1640-ல் அப்பாவுக்கு ரூவான் நகரில் வரி வசூல் வேலை. இரவெல்லாம் கூட்டல், கழித்தல். அந்நாட்டுப் பணமோ நம் பழைய அணா, பைசா மாதிரிதான். 12 தெனியே சேர்ந்தால் ஒரு சோல். 20 சோல் சேர்ந்தால் ஒரு லீவ்ர். அப்பா படும் பாட்டைப் பார்த்த பிளேஸ், 1642-ல் ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட முழுதாக ஆகவில்லை.

பித்தளைப் பெட்டி. மேலே வரிசையாகச் சக்கரங்கள். பழைய டெலிபோனில் எண்ணைச் சுழற்றுவது போலச் சுழற்ற வேண்டும். கஷ்டம் எங்கே தெரியுமா? 99999-உடன் 1 கூட்டும்போது! ஐந்து சக்கரங்களும் அடுத்தடுத்து நகர வேண்டும். வெறும் பற்சக்கரம் என்றால் இறுகி நின்றுவிடும். பாஸ்கல் ஒரு யுக்தி செய்தார். சக்கரம் 9-ஐ நோக்கிச் சுற்றும்போது ஒரு சின்ன எடையை மெல்லத் தூக்கும். 9 தாண்டி 0 வந்ததும் எடை சட்டென்று விழுந்து, அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளும். அதுதான் 'மீதி ஒன்று'!

ஆனால் சக்கரங்கள் ஒரே பக்கம்தான் சுற்றும். அப்படியானால் கழித்தல்? நோட்டை எடுங்கள். 72-இலிருந்து 38 போக வேண்டும். 72-இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்தால் 27. அதனுடன் 38-ஐக் கூட்டினால் 65. மறுபடியும் ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழியுங்கள். 34! விடை சரிதானே? பெட்டிக்குக் கூட்ட மட்டுமே தெரியும். கழிக்கும் வழி அதைச் சுற்றுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசி கால்குலேட்டரை விடாத என் பேரனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தொடவில்லை!

பெட்டி எளிதில் அமைந்துவிடவில்லை. ஏறக்குறைய 50 மாதிரிகள் செய்து பார்த்தார். நடுவில் ஒரு கடிகாரக்காரர் இதைப் பார்த்துப் போலி ஒன்று செய்தார். வெளியே பளபளப்பு, உள்ளே வேலை செய்யவில்லை. மனம் வெறுத்த பாஸ்கல் கொஞ்ச காலம் முயற்சியையே விட்டுவிட்டார். பிறகு பெரியவர்கள் தேற்ற, மறுபடி தொடங்கினார். 1649-ல் அரசர், வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது என்று உரிமை வழங்கினார். ஆனாலும் விலை அதிகம். சுமார் 20 பெட்டிகள்தான் செய்யப்பட்டன.

1648-ல் அவர் யோசனைப்படி அக்காவின் கணவர் பாதரசக் குழாயுடன் மலை ஏறி, உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதைக் காட்டினார். உங்கள் அறிவியல் பாடத்தில் அழுத்தத்தின் அலகு 'பாஸ்கல்' என்று இருப்பது இவர் பெயர்தான்.

நோய் அவரை வாட்டிக்கொண்டே இருந்தது. 1662 ஆகஸ்ட் 19 அன்று, 39 வயதில் இறந்தார். அவருடைய பெட்டிகள் சில பாரிஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

1970-ல் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த், மாணவர்கள் புரோகிராம் எழுதப் பழகுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர், பாஸ்கல்.