சிரிப்பால் இட்லரை எதிர்த்த பெண்

ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரம். அங்கே ஒரு சிறிய நாடகக் கொட்டகை.

1933-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. மேடையில் பாட்டு, பேச்சு, நையாண்டி! எல்லாம் அரசியல் கேலி.

குழுவை நடத்தியவர் எரிக்கா மான். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மானின் மூத்த மகள். அப்போது அவருக்கு வயது 27.

குழுவின் பெயர் "மிளகுத் திரிகை". சாப்பாட்டு மேஜையில் மிளகு பொடி செய்யும் சிறு கருவி அது. கருவி சிறியதுதான். ஆனால் காரம் நாக்கில் உறைக்கும் அல்லவா?

ஜனவரி 30-ந் தேதி இட்லர் ஆட்சிக்கு வந்தார். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். மார்ச் மாதம் எரிக்கா நாட்டை விட்டு வெளியேறினார்.

பெயர் சொல்லாத கேலி

அடங்கிவிட்டாரா? இல்லை! அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மீண்டும் திரை உயர்ந்தது.

இட்லரின் பெயரை மேடையில் அவர் சொல்வதில்லை. சொன்னால் தடை வரும். எனவே, பொய் நாட்டு இளவரசனாக வேடம் போட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போன்ற கேலி!

நாஜிகள் எப்படிப் புகார் செய்வது? அந்தப் பொய்யன் தங்கள் தலைவரே என்று அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டுமே!

1934-ம் ஆண்டு நவம்பரில் சூரிச்சில் நாஜி ஆதரவாளர்கள் கலகம் செய்தார்கள். போலீஸ் காவலுடன் நாடகம் நடந்தது.

1935-ம் ஆண்டு எரிக்காவின் ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டது. அவருக்குச் சொந்த நாடு இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. முன்பின் பழக்கம் இல்லாத ஆங்கிலக் கவிஞர் ஆடன் கைகொடுத்தார். எரிக்காவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். எரிக்கா பிரிட்டிஷ் பிரஜை ஆனார்.

செக்கோஸ்லோவாகியா, ஹாலந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் என்று குழு ஊர் ஊராகச் சென்றது. மொத்தம் 1,034 காட்சிகள்!

திரை விழுந்தது

1937-ல் அமெரிக்காவில் மேடை ஏறினார்கள். அங்கே பாட்டுகளை ஆங்கிலத்தில் மாற்றிப் பாடினார்கள். சிரிப்பு எழவில்லை. குழு கலைந்தது.

எரிக்கா ஓயவில்லை. ஊர் ஊராகச் சென்று நாஜிகளுக்கு எதிராகப் பேசினார். போர்க்களச் செய்தியாளர் ஆனார்.

1945-ம் ஆண்டு. இட்லர் மாண்டுவிட்டார். கைதான நாஜித் தலைவர்கள் லக்சம்பர்க்கில் அடைக்கப்பட்டிருந்தனர். முன்பு எரிக்காவின் குழு நடித்த அதே நாடு!

எரிக்கா செய்தியாளராக உள்ளே சென்றார். தம்மை நாடு கடக்க வைத்தவர்களைக் கைதிகளாகக் கண்டார்.

1969-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி எரிக்கா மறைந்தார். அவர் கண்மூடிய ஊர், அன்று அவருக்கு மேடை தந்த சூரிச் நகரம்.