தமிழில் டாக்டர்களை உருவாக்கிய கிரீன்

கத்தி எடுப்பவன் முதலில் உடம்பைப் படித்திருக்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் டாக்டர்களைப் பதிவு செய்யும் சட்டம் பிரிட்டனிலேயே 1858-ல்தான் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1914-ல். அதற்கெல்லாம் முன்பே, இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு முறைப்படி வைத்தியம் கற்பித்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822 அக்டோபர் 10-ந் தேதி பிறந்தவர். நியூயார்க்கில் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். 1847-ல் அமெரிக்க மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். ஈதர் கொடுத்து மயக்கி ஆபரேஷன் செய்யலாம் என்று பாஸ்டனில் காட்டி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது! மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கி, 1848-லேயே மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். தேறிய பையன்களோ சர்க்கார் உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். பிழைப்புக்காக பெங்களூர் வந்த நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிராமத்து நோயாளியின் கதி? ஊரோடு தங்கும் டாக்டர் வேண்டுமானால் ஊர்ப் பாஷையிலேயே கற்பிக்க வேண்டும் என்று கிரீன் முடிவு கட்டினார். 1864 முதல் பாடம் தமிழுக்கு மாறியது. உத்தியோக ஆசையோடு வந்த மாணவருக்கு இது கசந்திருக்கும்.

தரம் குறைந்துவிடாதா? அதற்குத்தான் கிரீன், சீமையில் டாக்டருக்குப் படிப்பவர்கள் கையில் இருந்த புத்தகங்களையே தமிழாக்கினார். பிரசவ நூல் 1857-லேயே வந்துவிட்டது. டுரூயிட் எழுதிய சர்ஜரி நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867-ல் வந்தது. காயத்தில் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் உலகுக்குச் சொன்னதும் அதே ஆண்டுதான். கிரே எழுதிய அங்க சாஸ்திரம் லண்டனில் 1858-ல் வெளியானது. பதினான்கே ஆண்டுகளில், 1872-ல், தமிழில் கிடைத்தது. மாணவர்களும் மொழிபெயர்த்தார்கள், கிரீன் திருத்தினார். எலும்புக்கும் நரம்புக்கும் முதலில் தமிழில் பெயர் தேடினார், கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டார்.

கொழும்பில் 1870-ல் சர்க்கார் மருத்துவப் பள்ளி வந்தது. அங்கே பாடம் ஆங்கிலத்தில். கிரீன் 1873-ல் உடல் தளர்ந்து ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கும் மேல். 1884 மே 28-ந் தேதி வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி முன்னரே சொல்லி வைத்திருந்தார். அப்படியே பொறித்தார்கள்.