ஆல்பிரட் ரசல் வாலசு

ஆல்பிரட் ரசல் வாலசு (ஜனவரி 8, 1823 – நவம்பர் 7, 1913) பிரித்தானிய இயற்கையியலாளர் ஆவார். இயற்கைத் தேர்வுக் கொள்கையைச் சார்லசு டார்வினைச் சாராமல் தாமாகவே கண்டறிந்தவர். மழைக்காடுகளில் வாழும் சொர்க்கப் பறவைகளை அவற்றின் வாழிடத்துக்கே சென்று ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவராகவும் கருதப்படுகிறார்.

தொடக்க காலம்

வாலசு வேல்சில் உள்ள அசுக் நகருக்கு அருகில் பிறந்தார். வறுமையால் இளம் வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தி, நில அளவையாளராகப் பணியாற்றினார். 1848 இல் என்றி வால்ட்டர் பேட்சுடன் அமேசான் காடுகளுக்குச் சென்றார். 1852 இல் நாடு திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியதால் அவரது சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. பத்து நாட்கள் படகில் தத்தளித்த பின்னரே அவர் மீட்கப்பட்டார்.

ஆரு தீவுகள்

இவ்விழப்புக்குப் பின்னரும் 1854 இல் மலாய்த் தீவுக்கூட்டத்துக்குப் புறப்பட்டார். பறவைத் தோல்களை விற்றே பயணச் செலவை ஈடு செய்தார். பாடும் பறவைகளின் துணைவரிசையைச் சேர்ந்த சொர்க்கப் பறவைகளின் தோல்கள், அக்காலத்தில் பெரும்பாலும் கால்கள் நீக்கப்பட்ட நிலையிலேயே ஐரோப்பாவை அடைந்தன. இதனால் 1758 இல் லின்னேயசு பெரிய சொர்க்கப் பறவைக்குக் காலற்றது எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

1857 ஜனவரியில் வாலசு நியூ கினிக்கு அருகிலுள்ள ஆரு தீவுகளை அடைந்தார். அங்கு அவரது உதவியாளர் ஒருவர் அரச சொர்க்கப் பறவையைக் கொண்டுவந்தார். செந்நிற உடலும், நுனியில் பச்சை வட்டுகள் சுருண்ட இரு வால் கம்பிகளும் கொண்ட சிறு பறவை அது. பூச்சிக்கடியால் கால்கள் புண்ணாகி வாலசு பல நாட்கள் குடிசையிலேயே முடங்க நேர்ந்தது. பெரிய சொர்க்கப் பறவைகளின் ஆண்கள் உயர்ந்த மரங்களில் கூடிச் சிறகு விரித்து ஆடுவதையும், உள்ளூர் வேடர்கள் இலை மறைவிலிருந்து மழுங்கிய அம்புகளால் அவற்றை வீழ்த்துவதையும் பின்னர் விரிவாகப் பதிவு செய்தார். நாகரிக மனிதர் இக்காடுகளை அடைந்தால் இவ்வுயிர்களே அழிந்துவிடக்கூடும் என்ற கவலையையும் வெளியிட்டார்.

பச்சான் தீவு

1858 அக்டோபரில் பச்சான் தீவில், சரவாக்கைச் சேர்ந்த உதவியாளர் அலி அதுவரை அறிவியல் அறியாத பறவை ஒன்றை வீழ்த்தினார். அதன் ஒவ்வொரு சிறகிலிருந்தும் இரு நீண்ட வெண்ணிற இறகுகள் கொடி போல எழுந்து நின்றன. 1859 இல் இவ்வினத்துக்கு வாலசின் பெயர் சூட்டப்பட்டது.

பிற்காலம்

1862 இல் உயிருள்ள இரு சிறிய சொர்க்கப் பறவைகளுடன் இலண்டன் திரும்பினார். பயணத்தில் அவற்றுக்குக் கரப்பான் பூச்சிகளையும் உணவாக அளித்தார். தம் பயணங்களைப் பற்றிய மலாய்த் தீவுக்கூட்டம் என்னும் நூலை 1869 இல் வெளியிட்டார். ஆசிய, ஆத்திரேலிய விலங்கினங்களைப் பிரிக்கும் எல்லைக்கோடு இவர் பெயரால் வாலசுக் கோடு என அழைக்கப்படுகிறது.